மதியச் சாப்பாட்டுக் கொள்ளை

கான்ஸ்டபிளின் சாப்பாடு மறுபடியும் திருட்டுப் போனது. அதுவும் பட்டப்பகலில், போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே.

மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று டிபன் பாக்ஸை ரோந்துச் சைக்கிளில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பிப் பார்த்தால், சிவப்பு ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, மூக்கு வரை துணி கட்டிய ஓர் உருவம் டிபன் பாக்ஸோடு மலைப்பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தது.

"டேய், நில்லுடா!"

இவரும் தன் ரோந்துச் சைக்கிளில் ஏறித் துரத்தினார். முதல் மேட்டிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. ஸ்டேஷனில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மூட்டை. மூட்டை இறக்கத்தில் உருளும், ஏற்றத்தில் என்ன செய்யும்?

கொடுமை என்னவென்றால், அந்தச் சிவப்பு ஹெல்மெட் ஒரேயடியாகப் பறந்து மறைவதில்லை. இவருக்கு மூச்சு வாங்கினால் அங்கேயும் வேகம் குறையும். கடைசியில் ஏதாவது ஒரு பாறை மேல் டிபன் பாக்ஸ் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருக்கும். பாதி காலி. அந்தப் பாறை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மலையேறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார்.

"யோவ், சொந்தச் சோத்தையே காப்பாத்தத் தெரியல, உனக்கு ஹெட் கான்ஸ்டபிள் பதவி ஒரு கேடா? அவனைப் பிடிச்சுட்டு வா, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா ரிட்டையர் ஆகிற வரைக்கும் நீ இப்படியேதான்."

கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கும் பதவி அது. வீட்டுக்கு வந்தும் கான்ஸ்டபிளுக்கு ஆறவில்லை.

"போனாப் போகுது விடுங்க. ஒரு டிபன் பாக்ஸுக்கா இவ்வளவு கோவம்?" என்றாள் மனைவி.

"சோறு போனாப் பரவாயில்லடி. பாதியை மிச்சம் வைக்கிறான் பாரு, அந்தத் திமிரைத்தான் தாங்க முடியல."

"அப்படின்னா நாளையிலேருந்து கொஞ்சம் கூடவே வைக்கிறேன்."

துப்புக் கொடுத்தது சைக்கிள் கடைக்காரர்தான்.

"இப்படி ஏறுறவன் சாதாரண ஆள் இல்லண்ணே. அடுத்த மாசம் மலைச் சைக்கிள் போட்டி இருக்குல்ல? காலைல ஆரம்பிச்சா பொழுது சாயிற வரைக்கும் காட்டுப்பாதையில மிதிக்கணும். அதுக்குத்தான் உங்க சோத்தைத் தின்னு பழகறான்."

"அப்ப போட்டிக்கு வருவான். நானும் வரேன். அங்கேயே அமுக்கறேன்!"

கடைக்காரர் இவருடைய தொப்பையை மரியாதையோடு பார்த்தார்.

"ஆமா, சிவப்பு ஹெல்மெட் யாருக்கு வித்தே?"

கடைக்காரர் சட்டென்று குனிந்து ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். "எத்தனையோ பேர் வாங்கறாங்க. எனக்கு எங்கண்ணே ஞாபகம்?"

ஆள் இவன்தானோ என்று கான்ஸ்டபிளுக்குப் பொறி தட்டியது. ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் அவரிடமே தொழில் கற்றுக்கொண்டார். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை ஒன்றும் வாங்கினார். அதற்கு மேல் காக்கியை மாட்டிக்கொண்டு வந்த அன்று ஸ்டேஷனில் யாரும் வேலை பார்க்கவில்லை.

போட்டிக்குப் போனிலேயே பெயர் கொடுக்க வேண்டுமாம். "எனக்கு இந்தக் கண்றாவி எல்லாம் வராது, நீயே குடுத்துடு" என்று மனைவியிடம் போனை நீட்டினார். அவளும் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டாள்.

துரத்தல் தினமும் நடந்தது. முன்பு நாக்குத் தள்ளிய மேட்டை இப்போது கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே ஏற முடிந்தது. வீட்டில் வலித் தைலம் பாட்டில் பாட்டிலாகக் காலியானது. தன் கால்கள் இவ்வளவு தைலம் குடிக்கின்றனவே என்று கான்ஸ்டபிளுக்கே பெருமையாக இருந்தது.

போட்டியன்று மனைவி விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க பத்திரமா மிதிங்க."

மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். நடுவே சிவப்பு ஹெல்மெட்! கான்ஸ்டபிள் முதலில் தேடியது கடைக்காரரை. அவரோ ஓரமாக மேசை போட்டுத் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். 'அப்ப அது எவன்டா?' என்று கான்ஸ்டபிளுக்குக் குழம்பிப் போனது.

விசில் ஊதினார்கள். அதற்குப் பிறகு கான்ஸ்டபிளின் கண்ணுக்கு மலையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. சிவப்பு ஒன்றுதான் தெரிந்தது. சேற்றில் விழுந்தார், எழுந்தார். முள்ளில் சட்டை கிழிந்தது. தொடை இரண்டும் கல்லாய் இறுகின. ஹெட் கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லைக்கோடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த சிவப்பு ஹெல்மெட் கோட்டை ஒட்டி வந்ததும் என்ன காரணமோ, பிரேக் போட்டு நின்றது. இறங்கித் திரும்பியும் பார்த்தது.

இது போதாதா? கான்ஸ்டபிள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தார். "மாட்டினியாடா மகனே!"

"சபாஷ்! பதவி உனக்குத்தான்யா!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். "மூஞ்சியைக் காட்டச் சொல்லு!"

கறுப்புக் கண்ணாடி மேலே ஏறியது. துணி கீழே இறங்கியது. கான்ஸ்டபிளின் மனைவி சேறு அப்பிய முகத்தோடு சிரித்தாள்.

"கைது பண்றதை வீட்டுல போய் வச்சுக்கலாங்க. இப்ப பிடிச்ச பிடியை விடாம கோட்டைத் தாண்டுங்க, தம்பதிப் பிரிவுல ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டினாத்தான் கணக்கு!"