பதினெட்டு கிலோமீட்டர்

"பதினெட்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்த மனுஷன், டாக்டர். ரத்தத்துல ட்ரோபோனின் ஏறாம என்ன செய்யும்?"

எவாஞ்சலின் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அம்பத்தூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளும் கணவன் அலெக்ஸும் வந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. பத்தரைக்கு மகள் ரியாவுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பிள்ளை சித்தியோடு அங்கே காத்திருந்தாள்.

காலையில் ஓடப் போனவன் திரும்பி வந்து வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பனியன் தொப்பலாக வேர்த்திருந்தது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டரில் ஏற்றிக் கூட்டிவந்தது அவள்தான். இப்போது அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுபடி ஈசிஜி எடுக்க வந்த நர்ஸ் சரசா, கட்டிலடியில் கிடந்த ஷூவை ஓரமாகத் தள்ளினார். "புது ஷூவா சார்? பளபளன்னு கீது."

"வாங்கி ஆறு மாசமாச்சு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்," என்றாள் எவாஞ்சலின் வெடுக்கென்று. விடிய விடியப் பெய்த மழையில் அவள் சேலைக் கரையெல்லாம் சகதி. அந்த எரிச்சல் வேறு.

டூட்டி டாக்டர் வித்யா ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். "ஈசிஜில பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா ட்ரோபோனின் கூடியிருக்கு. இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுறது அது. ஒரு நாள் வெச்சுப் பார்க்கணும்."

"நான் பி.டி. டீச்சர், டாக்டர். போன வருஷம் மாரத்தான் ஓடினப்போ எனக்கும் இதே டெஸ்ட் எடுத்தாங்க. இதே மாதிரி ஏறிச்சு, ரெண்டு நாள்ல தானா இறங்கிடுச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் மேடம். ஆனா..."

"என்ன ஆனா? ஆவடி தாண்டிப் போய்த் திரும்பியிருக்கார். தொப்பையும் தொந்தியுமா இருந்த ஆளை ரெண்டு வருஷமா விரட்டி விரட்டி ஓட வெச்சிருக்கேன். இவருக்கு நெஞ்சுல கோளாறா?"

அலெக்ஸ் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. தங்கைதான். "அக்கா, பிள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சுட்டாங்க. நீங்க வராம உள்ள போக மாட்டேன்னு ரியா அழுவுறா."

எவாஞ்சலின் போனை அப்படியே டாக்டரிடம் நீட்டினாள். "வர முடியாதுன்னு நீங்களே சொல்லுங்க என் பொண்ணுகிட்ட."

வித்யா பெருமூச்சு விட்டார். "சரி. அவ்வளவு தூரம் ஓடியிருந்தா இந்த அளவு வரலாம்தான். ஓடாத ஆளா இருந்தா வாசப்படி தாண்ட விடமாட்டேன். உங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சர்ச்சு முடிஞ்சதும் நேரா இங்கதான் வரணும்."

பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள் எவாஞ்சலின். அவள் தேதியைப் போடும்போது அலெக்ஸின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"விடுங்க, நேரமாச்சு."

அவன் விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எவா, ரெண்டு வாரமா நான் ஓடவே இல்ல."