ஒரே நிறை

சென்ட் லோரன்டில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததுமே மாக்கிரட் முகத்தைச் சுளித்தாள். அவள் கணவன் றொக்சனோ நகைக்கடைக்கு வந்தவன்போலக் கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து நின்றான். தூரத்து இலக்கைக் கிட்டக் காட்டும் ஸ்கோப் வாங்கியாயிற்று. துப்பாக்கியை ஆடாமல் நிறுத்தும் இரட்டைக்கால் தாங்கியும் வாங்கியாயிற்று. இனித் தோட்டாதான்.

"இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே மன்னாரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்களே அதைத் தேடிப் போறியளோ?"

"ஐயோ, கடதாசி இலக்குக்குத்தான் சுடப் போறன், ஆயிரம் மீற்றர் தூரத்தில. ஒரு உயிரும் போகாது."

"இதைச் செய்து விக்கிறவை கடதாசியைச் சுடவோ செய்யினம்? தூ!"

கடைக்காரர் ஒரு தோட்டாப் பெட்டியைத் திறந்து காட்டிப் பிரெஞ்சில் ஏதோ புகழ்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மனைவிக்கு றொக்சன் ஆசையோடு சொன்னான்.

"எல்லாம் ஒரே நிறையாம். ஒரு மயிரளவும் பிசகாதாம். தூரத்துக்குச் சுடுறவை இதைத்தான் கேட்டு வாங்குவினமாம். சோதிச்ச ஆளின்ர இலக்கமும் உள்ளுக்கு இருக்கு, பாரும். நாற்பத்திரண்டு. ஆரோ தெரியேல்லை, தங்கமான கை!"

வேலை முடிந்து நேரே வந்திருந்த மாக்கிரட், குளிர் அங்கியைக் கழுத்துவரை இழுத்து மூடினாள். தண்ணீர்க் குழாய் செய்யும் இடம் என்று ஏழு வருடமாக வீட்டில் சொல்லிவந்த தொழிற்சாலையின் அட்டை உள்ளே தொங்கியது. அதில் அவளுடைய படத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று இருந்தது.