கைவிட வேண்…

“கம்பெனி ரெண்டா உடையப் போகுது. உங்க பெரியம்மா என்னடான்னா மலையில போய்க் குளுகுளுன்னு உக்காந்திருக்காங்க! கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?”

சித்தப்பா மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர்கள் துள்ளின. மூச்சு விடாமல் பேசுவதால் ஆபீசில் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டார்.

எதிரே அவர் அண்ணன் மகள், கம்பெனியின் இன்ஜினீயர் பெண். பெரியம்மா மேல் அவளுக்கும் கோபம்தான். குடும்பமாக ஆரம்பித்த சின்ன போன் கம்பெனி. இந்த வருஷம் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம். டவுனில் ஃபைவ் ஜி போடுவதா, மலைக்கு ஃபோர் ஜி டவர் வைப்பதா? டவருக்கு இடம் தேடி மலையெல்லாம் முட்டி தேய ஏறி இறங்கியவள் அவள். இன்று தோற்றால் அத்தனையும் அம்போ. மலை ஊர் ஜனம் பாறை மேல் ஏறி நின்று “ஹலோ, ஹலோ” என்று காற்றோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“ஃபைவ் ஜின்னா தோட்டாம்மா, தோட்டா! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முழுப் படமும் இறங்கிடும்!”

“தெருவுக்குத் தெரு பொட்டி வச்சாத்தான் சித்தப்பா அது. சுவரைத் தாண்டச் சொன்னா மூக்கால அழும். ஃபோர் ஜி மெதுவாப் போனாலும் மலை தாண்டிப் போகும்.”

“ஆமைகூடத்தான் போகும்!”

பங்குதாரர்களில் பாதிப் பேர் கொல்லென்று சிரித்தார்கள்.

“பங்கு விலை ஏறணும்னா ஃபைவ் ஜி!” என்றது ஒரு தங்க ஃப்ரேம் கண்ணாடி.

“விலை ஏற கஸ்டமர் வேணாமா? ஆள் மலையிலதானே இருக்கு!” என்றது எதிர்வரிசை வழுக்கை.

சித்தப்பா எழுந்தேவிட்டார். “இதோ பாரு பாப்பா, இன்னிக்கு நான் தோத்தேன்னு வையி, என் பங்கை எதிர்க் கம்பெனிக்கு வித்துட்டு நடையைக் கட்டிருவேன். அப்புறம் சித்தப்பான்னு என் வாசப்படி மிதிக்காதே!”

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். ‘அதாவது’ இல்லாமல் அவருக்கு வண்டி கிளம்பாது.

“அதாவது, தீர்மானம் என்னன்னா, மலைத் திட்டத்தைக் கைவிடணும். அதாவது, சரிங்கறவங்க கை தூக்கலாம்.”

பாதிக் கைகள் மேலே போயின.

“அதாவது, வேண்டாங்கறவங்க?”

மீதிப் பாதி.

“அதாவது… சமம்.”

பாக்கி, மலைக்குப் போன பெரியம்மாவின் ஓட்டு. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

“அதாவது அம்மா, முழு வாக்கியமாச் சொல்லுங்க. மினிட்ஸ் நோட்டுல ஏத்தணும்.”

“கர்ர்ர்… சொல்றேன்… மலைத் திட்டத்தைக்… கர்ர்… கைவிட வேண்…”

டொக்.

அறை வெடித்தது.

“வேண்டும்னாங்க!”

“வேண்டாம்னாங்க!”

“‘டு’ன்னு என் காதுல தெளிவா விழுந்துச்சு!”

“‘டா’ய்யா! ‘டா’!”

“யாரைப் பார்த்து டாங்கறே?”

மறுபடி போட்டார்கள்.

“கர்ர்… பாறை மேல ஏறிட்டேன்… காத்து தூக்குது… கைவிட வேண்…”

டொக்.

“அண்ணி! அண்ணீ! ‘டும்’மா ‘டாம்’மா, அதை மட்டும் சொல்லுங்க!” சித்தப்பா ஸ்பீக்கரைக் கடித்துவிடுவார்போலக் கத்தினார்.

“கர்ர்… தம்பி… ட…”

டொக்.

தங்க ஃப்ரேம் மெல்லச் சித்தப்பா பக்கம் சாய்ந்தது. “நான் உங்க கட்சிதான். இருந்தாலும் கேக்கறேன். சொந்தக் கம்பெனி போன்ல முதலாளியம்மாவுக்கே லைன் கிடைக்கலைன்னு வெளிய தெரிஞ்சா, பங்கு விலை?”

சித்தப்பாவின் முகம் விழுந்தது. “ஷ்ஷ்! யாருய்யா அது, கதவைச் சாத்துங்க!”

அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். எதிர்க் கம்பெனிக்காரன் இதை வைத்தே ஊர் முழுக்க விளம்பரப் பலகை மாட்டுவானே! சட்டென்று நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எக்ஸ்பிரஸ் ஒரு ஸ்டேஷனில் நின்றது.

“பாப்பா, அந்த மலையில எப்ப வேலை ஆரம்பிப்பே?”

“இந்தத் தீர்மானம் ஒழிஞ்ச மறுநாளே.”

“ஒழிஞ்சுதுன்னு வச்சுக்கோ!” தீர்மானக் காகிதத்தை நாராகக் கிழித்தார். “நான் சொல்றேன், மலைக்கு டவர்! எங்க அண்ணி பேச்சு எனக்குத் தெளிவாக் கேக்கணும்! வேணுமா வேணாமான்னு அதுக்கப்புறம் கேட்டுக்கறேன்! தூக்குங்கய்யா கையை!”

ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்தது. ஆடிட்டர் கையும்.

“உங்களுக்கு ஏதுங்க ஓட்டு?”

“அதாவது, ஒரு சந்தோஷம்!”

கைத்தட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. சித்தப்பா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கினார். “இது என் யோசனை! ஆரம்பத்துலேர்ந்து மலை மேல எனக்கு ஒரு கண்ணு!”

இன்ஜினீயர் பெண் தாழ்வாரத்துக்கு ஓடினாள். முதலில் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும். கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது. நம்பரைத் தட்டினாள்.

காதில் மணி அடித்தது. எதிரே, காபி போடும் அறைக்குள்ளும் அடித்தது.

கதவைத் தள்ளினாள். பெரியம்மா ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், சிக்னல் கோடு அத்தனையும் முழுசாக. மறு கையில் காலி பிஸ்கட் பாக்கெட். அதைப் போன் பக்கத்தில் வைத்து ஒரு கசக்குக் கசக்கிக் காட்டினார். கர்ர்ர்.

“பெரியம்மா! நீங்க என் பக்கமா?”

“வேற யார் பக்கம்?”

“அப்ப ‘வேண்டாம்’னு முழுசாச் சொல்லியிருந்தா, அப்பவே ஜெயிச்சிருப்பேனே!”

கூட்ட அறையிலிருந்து சித்தப்பாவின் சிரிப்பு தாழ்வாரம் முழுக்க உருண்டு வந்தது. பெரியம்மா அதைக் காதாரக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீ ஜெயிச்சிருப்பே, கண்ணு. நம்ம வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சிருக்கும்.”