நாற்பது மீட்டர்

பிரஸ்டன் புறநகரில் எங்கள் தெருமுனையில் அந்த மளிகைக் கடை திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. விற்பதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் விளைந்தது. எது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கரும்பலகையில் எழுதுவது கல்லாவில் நிற்கும் என் வேலை.

மெரிடித் அம்மையார் துணிப்பையோடு வந்தார். "உள்ளூர்க் கடையை நாமதான் கண்ணு வாழ வைக்கணும். பூமிக்கு நல்லது," என்றார். பூமி நன்றி சொல்ல வாசலில் நிற்பது போல ஒரு சிரிப்பு வேறு.

தண்டுக்கீரையில் இரண்டு கட்டு எடுத்தார். "போன வாரமும் வாங்கினேன், என்ன ருசி! ஆனா பலகையில நாற்பது மீட்டர்னு போட்டிருக்கே. கிலோமீட்டர்னு திருத்து. படிச்ச பொண்ணுதானே நீ?"

"எங்க வீட்டுலயே முதல்ல படிச்சவ," என்றேன்.

"அப்படியே இதுல ஒரு கையெழுத்து போடு."

மனு. பதினான்காம் எண் வீட்டுக் கிரேக்கக்காரி தன் வாசல்முன் நடைபாதையோரப் புல்தரையைக் கொத்திக் களை வளர்க்கிறாளாம். தெருவின் மானமே போகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் நகராட்சி ஆட்கள் வந்து அத்தனையையும் பிடுங்கிப் போட வேண்டுமாம்.

"களைதானா?"

"பின்ன? அதை எவன் திம்பான்?"

கீரைக்கட்டுகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பலகையில தப்பு இல்லைங்க. பதினாலாம் நம்பர் வாசல்லேருந்து இந்தக் கடைக்கு நாற்பது மீட்டர்தான். எட்டு வருஷமா உங்க எதிர்வீட்டுல இருக்கேன், என் முகம்கூடத் தெரியலை உங்களுக்கு. காலையில நானும் எங்கம்மாவும் பறிச்சது இது. இப்ப சொல்லுங்க, கையெழுத்து வேணுமா, கீரை வேணுமா?"