இரண்டாவது இழை

ரேடியோ வந்த புதிதில், வால்வு என்கிற கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு கம்பி இழைகளை வைப்பார்கள். ஒன்று கருகினால் மற்றதை எரிய வைக்கலாம். துறைமுகத்து ரேடியோவில் அப்படி ஓர் அக்காவும் தங்கையும் இருந்தன.

அக்கா சிவந்து எரிந்தபடி தூரத்துக் கப்பல்களின் சேதியைக் கேட்கும். தங்கை குளிர்ந்துபோய்ச் சும்மா கிடக்கும்.

"என்னக்கா சொல்றாங்க?"

"அரிசிக் கப்பல் கரைக்கு வந்துடுச்சாம்."

"எல்லாம் உனக்குத்தான். என் முறை எப்பத்தான் வரும்?"

அக்கா அடுத்த கப்பலின் சேதிக்குக் காதைத் திருப்பிக்கொள்ளும்.

ஒருநாள் ஏதோ கப்பலின் அழைப்பு மிக மெலிதாக வந்தது. சரியாகக் கேட்கவில்லையே என்று ஆபரேட்டர் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அக்கா வெள்ளை வெளேரென்று தகித்தது.

"நீ தாங்க மாட்டேக்கா, விட்டுடு!"

"மூழ்கிட்டிருக்காங்கடி. எந்த இடம்னு இன்னும் சொல்லலை."

சொல்லும்போதே அக்கா அறுந்தது.

ஆபரேட்டர் அவசரமாக ஒயரை மாற்றினார். தங்கை முதன்முதலாகச் சிவந்தது. கப்பல் தன் இடத்தைச் சொன்னது, அவர் எழுதிக்கொண்டார்.

"அக்கா, எனக்கும் கேட்குது!" என்று தங்கை திரும்பியது. பக்கத்தில் கருகிய நுனிதான் இருந்தது.

அன்றிலிருந்து யாரும் கேட்காமலேயே தங்கை தினமும் அந்த நுனியிடம் சொல்கிறது:

"அரிசிக் கப்பல் கரைக்கு வந்துடுச்சுக்கா."