எட்டாம் நம்பர் செருப்பு

அந்தம்மா எட்டாம் நம்பர் செருப்பைப் போட்டு நடந்து பார்த்ததும், கழற்றி அதன் அடியிலிருந்த நம்பரைப் போனில் படமெடுத்ததும் செருப்புக் கடைக்காரருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த பை வேறு சந்தேகத்தைக் கிளப்பியது.

“வாங்க வந்தீங்களா, இல்ல அளவு பாத்துட்டு ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா?”

“இல்லீங்க, வந்து...”

“எனக்குத் தெரியாதா? இங்க ஓசியில போட்டுப் பாப்பீங்க. வரியே கட்டாம விக்கிறவன்கிட்ட போய் வாங்குவீங்க. நாங்க ஜோடிக்கு ஜோடி வரி கட்டிட்டு ஈ ஓட்டணும். இது நியாயமா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா பையைத் திறந்து அதே மாடல் செருப்பு ஒரு ஜோடியை வெளியே எடுத்தார்.

“ஏற்கெனவே ஆன்லைன்ல வாங்கிட்டேங்க. ஏழாம் நம்பர், கால் கடிக்குது. மாத்தித் தர்றோம், இந்தக் கடைப் பின்வாசலுக்கு வாங்கன்னு சொன்னாங்க. அங்க பார்சல் கட்டிட்டிருந்தது உங்க வீட்டம்மாவாம். அவங்கதான், முன்பக்கம் போய் எந்த நம்பர் சரியா வருதுன்னு பாத்து, படமெடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

கடைக்காரரின் குரல் சட்டென்று இறங்கியது.

“மெதுவாப் பேசுங்கம்மா. அந்த வழியாவே போய் மாத்திக்குங்க. இங்க மாத்தினா பில் போடணும். பில் போட்டா வரி கட்டணும்.”