ஒரு வருஷத்துக் கிம்ச்சி

"தாத்தா கேட்டா என்ன சொல்லணும்?" என்றான் இன்சோக், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின் சீட்டில் இருந்த எட்டு வயது நாரே பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "அப்பா தினமும் வேலைக்குப் போறாரு. ராத்திரி லேட்டாதான் வருவாரு. நான் தூங்கிடுவேன்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது."

பக்கத்தில் இருந்த ஹேரிம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வயல்களெல்லாம் பனி மூடிக் கிடந்தன. குவாங்ஜுவை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாய்லர் சரியாயிடுச்சா?" என்று அவன் கேட்டான்.

"நேத்து ஆள் வந்து பாத்துட்டுப் போனான்" என்று அவள் சொன்னாள்.

ஹேனாமில் ஹேரிமின் மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். மனைவி இறந்தபின் வந்த முதல் குளிர்காலத்தில் கடைக் கிம்ச்சியை வாங்கித் தின்றுவிட்டு, "இது கிம்ச்சியாடா? மிளகாப்பொடி தடவின காகிதம்" என்று திட்டியவர். இந்த வருஷம் அந்தக் கார ஊறுகாயைத் தானே போடுவதற்காகச் சொந்தத் தோட்டத்துக் கோஸை அறுத்து, ராத்திரி முழுக்க உப்பில் ஊறவைத்துக் கழுவி, முற்றத்தில் குவித்து வைத்திருந்தார்.

இத்தனைக்கும் அறுவடைக்கு முன்னால்தான் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"மூணு பேருக்கு எதுக்குப்பா இத்தனை?" என்று மலைத்துப் போனான் இன்சோக்.

"திங்கறதுக்குத்தான். வேற எதுக்கு? கையுறையை மாட்டு."

கொட்டகையில் பிளாஸ்டிக் பாயை விரித்து நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கடற்காற்று கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் வீசியது. மிளகாய் விழுதைப் பிசைந்துகொண்டே பெரியவர் கேட்டார்.

"உங்க தொழிற்சாலையில ஆளைக் குறைக்கிறாங்களாமே. டிவியில சொன்னான். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

இன்சோக் குனிந்து இன்னொரு கோஸை இழுத்துக்கொண்டான். "இல்லப்பா. தினமும் போயிட்டுத்தான் இருக்கேன்."

"ராத்திரி லேட்டாதான் வருவாரு" என்று முந்திக்கொண்டாள் நாரே. "நான் தூங்கிடுவேன்."

பெரியவர் பேத்தியைப் பார்த்தார். பிறகு கோஸின் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கி விழுதைத் தடவத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் குருத்து ஒன்றைக் கிள்ளி, அதில் ஒரு சிப்பிக்கறியை வைத்துச் சுருட்டினார். "ஏம்மா நாரே அம்மா, வாயைத் தொற."

ஹேரிம் வாங்கிக்கொண்டாள்.

"உப்பு எப்படி?"

"சரியா இருக்கு மாமா."

"பொய் சொல்லாதே. உன் மாமியார் இருந்திருந்தா இந்தச் சட்டியைத் தூக்கி என் தலையில கவுத்திருப்பா. அடுத்த வருஷம் நீயே உப்புப் போட்டுடு. நான் சும்மா உக்காந்து ஊர்வம்பு பேசறேன்."

'சரி மாமா' என்ற இரண்டு சொற்கள்தான். அவற்றை அவளால் சொல்ல முடியவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரம்" என்று மட்டும் சொன்னாள்.

கை கழுவும் சாக்கில் குழாயடிக்கு வந்தவள், பின்னால் வந்த இன்சோக்கிடம் வெடித்தாள்.

"என்னால முடியல. சொல்லிடலாம்."

"இன்னிக்கு வேணாம். புத்தாண்டு போகட்டும்."

"கோடையிலயும் இப்படித்தான் தள்ளிப் போட்டீங்க. அவர் எனக்கு ஊட்டி விடறாரு. எனக்கு எப்படி இறங்கும்?"

"டாக்டர் சொன்னதை நீயும் கேட்டேல்ல? இதைச் சொல்லி அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு பொறுப்பு?" அவன் குரலும் கரகரத்தது. "எனக்கு மட்டும் இது இனிக்குதா?"

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. உறைந்துபோயிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் வேகவைத்த பன்றிக்கறியும் புதுக் கிம்ச்சியுமாகச் சாப்பாடு நடந்தது. பெரியவர் மகன் கிண்ணத்தில் ஒரு துண்டு, மருமகள் கிண்ணத்தில் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். வீட்டைப் பற்றி அவர் எதையும் கேட்கவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது இருவருக்கும்.

இருட்டினால் மலைச்சாலை உறைந்துவிடும் என்று அவரே அவசரப்படுத்தினார். நாரே காரில் ஏறிக்கொண்டாள். இன்சோக் எஞ்சினை ஓடவிட்டு, முன் கண்ணாடியில் படிந்த பனி கரைவதற்காக உள்ளே காத்திருந்தான்.

கொட்டகையைச் சாத்தப் போன பெரியவர், கிம்ச்சி டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து வருவதைப் பார்த்து ஹேரிம் ஓடினாள்.

"மாமா, நீங்க கனம் தூக்கக் கூடாது. குடுங்க."

"இதான் கடைசி. எல்லாம் வெச்சாச்சு."

காரின் டிக்கி நிறைய டப்பாக்கள். பாதி டப்பாக்களைச் சிவப்புக் கயிற்றால் கட்டி ஒரு பக்கமும், மீதியை நீலக் கயிற்றால் கட்டி மறுபக்கமும் அடுக்கியிருந்தார்.

"எல்லாம் ஒரே கிம்ச்சிதானே மாமா? எதுக்கு ரெண்டு நிறத்துல கயிறு?"

பெரியவர் முடிச்சு ஒன்றை இழுத்துச் சரிபார்த்தார். முன்னால் இருந்த மகனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செகப்பு அவன் வீட்டுக்கு, நீலம் உன் வீட்டுக்கு."